விரலுக்கு வலிமை தரும் மரப்பலகை



பத்துமலையை அறியாத தமிழர் இந்நாட்டில் இலர். தைப்பூச நன்னாளில் 272 படிகளைக் கடந்து முருகப் பெருமானை வணங்கி மகிழ்கிறோம். அதே சுண்ணாம்புக்கல் மலையின் வேறொரு புறத்தில், படி ஒன்றும் இல்லாத செங்குத்துப் பாறையில், இடுப்பில் கயிறு பூட்டிக்கொண்டு ஏறிப் பழகுவோரும் உளர். பாறையேற்றம் இன்று உலகப் புகழ் பெற்ற விளையாட்டு. 2021ஆம் ஆண்டில் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் அது முதன்முறையாக இடம்பெற்றது. 2024ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக்கில், நம் அண்டை நாடாகிய இந்தோனேசியாவின் வெட்ரிக் லியோனார்டோ, 15 மீட்டர் உயரச் சுவரை ஐந்து வினாடிக்கும் குறைந்த நேரத்தில் ஏறித் தங்கப் பதக்கம் வென்றார்.

இவ்விளையாட்டில் உடலின் பாரத்தைப் பல வேளைகளில் விரல் நுனிகளே தாங்க வேண்டும். அவ்விரல்களைப் பழக்க உதவும் எளிய கருவி ஒரு மரப்பலகை. அதனைச் செய்யும் முறையையும், அதனை யார் பயன்படுத்தலாம், யார் பயன்படுத்தலாகாது என்பதையும் இங்குக் காண்போம்.

ஜெர்மனி நாட்டின் பாறையேற்ற வீரர் வொல்ஃப்காங் கூலிக் என்பவர், 1988ஆம் ஆண்டில் நியூரம்பெர்க் நகரின் உடற்பயிற்சிக் கூடமொன்றில், முன்னோக்கிச் சாய்ந்த பலகையின் மீது மெல்லிய மரச்சட்டங்களை ஏணிப்படிபோல் அடித்து வைத்தார். கால்களைப் பயன்படுத்தாமல், விரல்களால் மட்டும் சட்டத்திற்குச் சட்டம் தாவிப் பழகினார். பின்னர் 1991ஆம் ஆண்டில், அக்காலத்தில் உலகிலேயே மிகக் கடினமானதெனக் கருதப்பட்ட பாறைவழி ஒன்றை ஏறி முடித்தார். அவ்வெற்றிக்குத் துணைநின்றவற்றுள் சாதாரண மரச்சட்டங்களும் அடங்கும் என்பது எண்ணி மகிழத்தக்கது.

தொங்கிப் பழகுவதற்கான பலகை அதனினும் எளியது. 60 சென்டிமீட்டர் நீளமும் 25 சென்டிமீட்டர் அகலமும் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் கனமும் உடைய உறுதியான ஒட்டுப்பலகை அடிப்பலகையாகும். 60 சென்டிமீட்டர் நீளமும் 4 சென்டிமீட்டர் உயரமும் உடைய இரண்டு மரச்சட்டங்கள் தேவை. ஒன்று 3 சென்டிமீட்டரும், மற்றொன்று 2 சென்டிமீட்டரும் முன்னே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பால் வற்றிய ரப்பர் மரத்தை அறுத்து, பூச்சி அரிக்காதவாறு பதப்படுத்தி, நாற்காலியும் மேசையும் செய்கிறார்கள் அல்லவா? அந்த மரமே இச்சட்டங்களுக்கும் ஏற்றது. பால் தந்து வாழ்வளித்த மரம் விரலுக்கு வலிமையும் தரட்டும்!

அடிப்பலகையின் மேல்விளிம்பிலிருந்து 5 சென்டிமீட்டர் விட்டுப் பெரிய சட்டத்தையும், அதற்குக் கீழே 8 சென்டிமீட்டர் இடைவெளி விட்டுச் சிறிய சட்டத்தையும் பொருத்துக. மரப்பசை தடவி, பின்புறத்திலிருந்து ஒவ்வொரு சட்டத்திற்கும் ஐந்து திருகாணிகளை முடுக்குக. சட்டத்தின் முன்விளிம்பை மழுங்க இழைத்து, மணல்தாளால் தேய்த்துச் சிலும்பு நீக்குக. கூரிய விளிம்பு தோலைக் கிழிக்கும். சாயமோ வார்னிஷோ பூசலாகாது. பூசினால் விரல் வழுக்கும்.

இனி, பலகையை மாட்டும் இடமே உயிர்நிலை. மெல்லிய பலகைச் சுவரும் பூச்சு மட்டும் உள்ள இடமும் உதவா. வாயிலின் மேலுள்ள கனத்த மரச்சட்டத்திலோ உத்தரத்திலோ, குறைந்தது எட்டு நீண்ட திருகாணிகளால் இறுக்குதல் வேண்டும். திருகாணி உள்மரத்தில் 4 சென்டிமீட்டராவது இறங்குதல் நன்று. தச்சு வேலை அறிந்தவரின் துணையை நாடுக. கீழே மெத்தை ஒன்றை விரித்து, முதலில் காலைத் தரையில் ஊன்றியவாறே சிறிது சிறிதாகப் பாரம் ஏற்றிச் சோதித்த பின்னரே முழுதும் தொங்கலாம்.

இப்போது ஒரு சிறு சோதனை செய்வோம். உங்கள் வலக்கையால் இடது முன்கையைப் பிடித்துக்கொண்டு, இடக்கை விரல்களை மடக்கிப் பாருங்கள். முன்கையில் தசை அசைவதை உணர்வீர்கள். விரல்களை வலிமையாக மடக்கும் தசைகள் விரலில் இல்லை, முன்கையிலேயே உள்ளன. அங்கிருந்து தசைநாண்கள் என்னும் கயிறுகள் விரல் எலும்பு வரை ஓடுகின்றன. தூண்டிற்கோலின் வளையங்கள் நரம்பைத் தாங்குவதுபோல, விரலில் உள்ள சிறு வளையங்கள் அக்கயிறுகளை எலும்போடு சேர்த்துப் பிடிக்கின்றன. தசை சில வாரங்களில் வலுப்பெறும். இரத்த ஓட்டம் குறைந்த தசைநாணும் வளையமும் வலுப்பெறப் பல மாதங்கள் ஆகும். தசை வலுத்துவிட்டது என்னும் துணிவில் அவசரப்படுவோர் வளையத்தை அறுத்துக்கொண்டு வருந்துவர்.

ஆகவே, பெரியவர்களும் உடலை நன்கு சூடேற்றிய பின்னரே தொடங்க வேண்டும். காலை முக்காலியில் ஊன்றிப் பாரத்தைக் குறைத்துக்கொண்டு, பெரிய சட்டத்தில் 10 வினாடி தொங்கி, மூன்று நிமிடம் ஓய்வு கொள்க. இவ்வாறு ஐந்து முறை, வாரத்திற்கு இரண்டு நாள் போதும். வலி தோன்றினால் உடனே நிறுத்துக.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கு இப்பலகை இப்போது வேண்டா. வளரும் பருவத்தில் விரலெலும்பின் முனையருகே குருத்தெலும்புப் பகுதி ஒன்று உண்டு. எலும்பு நீள்வது அங்கேதான். அது தசைநாணைக் காட்டிலும் மென்மையானது. மீண்டும் மீண்டும் பெரும்பாரம் ஏற்றினால் முறியக்கூடும். கவனியாது விட்டால் விரல் கோணி நிலைத்துவிடவும் கூடும். ஆதலால், எலும்பு வளர்ந்து முடியும் வரை இத்தகைய பயிற்சியைத் தவிர்க்குமாறு மருத்துவ வல்லுநர்கள் அறிவுறுத்துகின்றனர். தொடக்கப்பள்ளி வயதில் திடலில் உள்ள கம்பியை உள்ளங்கை முழுதும் பற்றித் தொங்குங்கள், ஓடுங்கள், தாவுங்கள். காலை எங்கே வைப்பது என்று அறிவதே ஏறுவோர்க்கு முதற்பாடம்.

பெற்றோர்களே! வீட்டில் மூத்த பிள்ளைக்காக மாட்டிய பலகையில் இளைய பிள்ளை நாற்காலி போட்டு ஏறித் தொங்காதவாறு காத்திடுங்கள்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பர் நம் முன்னோர். பாறையை வெல்ல விரும்புவோர்க்கு வேண்டுவதும் அந்த எறும்பின் பொறுமையே. மரத்தைச் செதுக்க ஒரு நாள் போதும். விரலைச் செதுக்க ஆண்டுகள் வேண்டும்!