சார்ஜா போக வேண்டிய விமானம் திருச்சியையே சுற்றியது ஏன்?

தில்லை நகரில் ஆட்டோ ஏறினால் அரை மணியில் விமான நிலையம். அங்கிருந்து சார்ஜா சுமார் 2,900 கி.மீ. விமானத்தில் 4 மணி நேரம்.

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை நாள். மாலை 5.40 மணி அளவில் 141 பயணிகளுடன் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் சார்ஜாவுக்குக் கிளம்பியது. சற்று நேரத்திலேயே ஹைட்ராலிக் அமைப்பில் கோளாறு!

"உடனே இறக்க வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல்.

டாங்கி நிறைய எரிபொருள்

அரபிக் கடலைத் தாண்டத் தேவையான எரிபொருள் அத்தனையும் டாங்கியில் இருந்தது. அந்தப் பாரத்தோடு இறங்கினால் சக்கரமும் பிரேக்கும் தாங்குமா? சில பெரிய விமானங்களில் எரிபொருளை வானத்திலேயே கொட்டிவிடலாம். இந்த போயிங் 737 ரகத்தில் அந்த வசதி கிடையாது. பறந்து பறந்து எரித்துத்தான் தீர்க்க வேண்டும்.

அதனால்தான் விமானம் திருச்சி வட்டாரத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. கீழே தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்சுகளும் வரிசை கட்டி நின்றன. டி.வி. பார்த்துக்கொண்டிருந்த ஊரே பதைபதைத்தது.

இரவு 8.15 மணி அளவில் விமானிகள் பத்திரமாகத் தரை இறக்கினார்கள். ஒருவருக்கும் காயம் இல்லை.

சுற்றிய நேரம் சுமார் இரண்டரை மணி. நேரே போயிருந்தால் பாதிக் கடலைத் தாண்டியிருக்கும். டிக்கெட்டில் சார்ஜா, இறங்கியது திருச்சி. அன்றைக்கு அதுதான் நல்ல சேதி!