ஈடும் மாற்றும்

‘ஈடு’ என்னும் சொல் தமிழிற் பல பொருள் தரும். ஒப்பு என்பது ஒன்று; அடைமானம் என்பது மற்றொன்று; திருவாய்மொழிப் பேருரை ஒன்றுக்கும் அதுவே பெயர். நட்டஈடு என்னும் வழக்கில் யான் கொள்வது ஒப்பு என்னும் பொருளையே. இழந்ததற்கு ஒப்பாவது ஈடு. அதனிற் குறைந்தது கொடையாகலாம், ஈடாகாது. வகுப்பறையிற் சொல்லுதற்குரிய இச்செய்தியை ஒரு காப்புறுதி நிறுவனத்துக்கு மூன்று கடிதங்களில் எழுத நேர்ந்தமையால் ஈண்டுக் குறிக்கின்றேன்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது மகாவலி கரைகடந்து கம்பளைக்குள் புகுந்ததை அன்பர்கள் அறிவர். அவ்வெள்ளத்திலும் மண்சரிவிலும் மாண்டோரை நினைக்குங்கால் ஓர் அலுமாரியைப் பற்றி எழுதக் கை கூசுகின்றது. ஆயினும் உயிர் பிழைத்தோர் சேற்றிலிருந்து எடுத்தவை அலுமாரியும் கட்டிலும் தையல் இயந்திரமுமே ஆகலின், ஒன்றன் கதை பலர்க்கும் பயன்படலாம்.

அது என் தந்தையார் செய்வித்த தேக்கு அலுமாரி. வெள்ளம் அதனைச் சுவரோடு மோதிச் சாய்த்தது. கதவிரண்டும் பிளந்தன, கால்கள் முறிந்தன. உள்ளிருந்த நூல்கள் கூழாயின. அவற்றுக்குக் காப்புறுதி இல்லை, ஆகவே பேச்சும் இல்லை. வீட்டுத் தளபாடங்களுக்குத் தீக்காப்புறுதி இருந்தது. மேலதிகத் தவணைப்பணம் செலுத்தி வெள்ளத்தையும் அதிற் சேர்த்திருந்தேன். (இவ்வாறு சேர்க்கப்பட்டுள்ளதா என்பதை ஒவ்வொருவரும் இன்றே தம் பத்திரத்தில் நோக்குக.)

நிறுவனத்தார் தர முன்வந்தது மரத்தூளையும் சிராயையும் பசையிட்டு அழுத்திய பலகையாலான புதிய அலுமாரி. உயரம் ஒன்றே, கதவும் இரண்டே என்றார் வந்த அதிகாரி. நீர் பட்டால் ஊதிப் பொருமும் பலகையை ஆற்றங்கரை ஊரில் வாழ்பவனுக்குத் தேக்குக்கு மாற்றாகத் தருவது என்ன நியாயம்? வேண்டாமெனில், நாற்பது ஆண்டுத் தேய்மானங் கழித்து, தச்சர் மதிப்பிட்ட செலவில் மூன்றிலொரு பங்கு தருவார்களாம்.

பணம் தருதலோ, செப்பனிடுதலோ, மாற்றுப்பொருள் தருதலோ நிறுவனத்தின் விருப்பம் என்று பத்திரத்தில் உள்ளது. அதிகாரியார் அவ்வரியில் விரலை வைத்தார். வரி உண்மையே. ஆனால் ‘விருப்பம்’ எதனைத் தழுவுகின்றது? மூன்று வழிகளுள் ஒன்றைத் தெரிதலைத் தழுவுகின்றதேயன்றி, இழப்பின் அளவைத் தழுவவில்லை. அடுத்த வரியிலேயே ‘அதே வகையும் தரமும்’ என்றிருப்பதைக் காட்டினேன். அவர் அதன்மேல் விரல் வைக்கவில்லை.

சட்டமும் இதற்கு மாறன்று. 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் குடியியற் சட்டக் கட்டளைச் சட்டம், ஆயுள், தீக்காப்புறுதி விடயங்களில் இங்கிலாந்துச் சட்டத்தையே இந்நாட்டிற்கு விதித்தது. அந்நாட்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் 1883 இல் கஸ்ரலெயின் எதிர் பிரெஸ்டன் வழக்கில் வகுத்த நெறி: காப்புறுதி பெற்றவன் இழப்புக்கு முழு ஈடு பெறுவான், அதற்கு மேற் பெறான். இரு புறமும் கூருடைய வாள் இது. தந்தையாரின் நினைவுக்கு விலை கேட்க எனக்கு உரிமையில்லை; கேட்கவுமில்லை. பழையதற்குப் புதியது தரும் வகைப் பத்திரமும் என்னுடையதன்று. ஆதலின் தேய்மானத்தை முற்றாக மறுத்திலேன். குளிர்சாதனப் பெட்டி ஆண்டுதோறும் ஆயுளை இழக்கின்றது. முற்றிய தேக்கு அவ்வாறு தேய்வதில்லை. வார்ணிஷ் மங்கியிருந்தது, பூட்டுத் துருவேறியிருந்தது. அவற்றுக்குக் கழிக்க என்றேன்.

மூன்றாம் கடிதத்தோடு தச்சரின் மதிப்பீட்டையும் வெள்ளத்துக்கு முன் எடுத்த மணநாட் படமொன்றையும் இணைத்தேன்; மணமக்களின் பின்னே அலுமாரி முழுமையாய் நின்றது. மறுப்பதாயின் காரணத்தை எழுத்தில் தருக எனவும், அதனைக் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் கொண்டுசெல்வேன் எனவும் எழுதினேன். அங்கு முறையிடக் கட்டணமில்லை. ஆனால் முதலில் நிறுவனத்திடமே கேட்டிருத்தல் வேண்டும்.

பதினெட்டு நாளில் விடை வந்தது. மாற்று அலுமாரியைக் கைவிட்டனர். தேக்கிலேயே கதவும் காலும் செய்விக்க இசைந்தனர். தச்சர் வேலை தொடங்கிவிட்டார். பூட்டின் விலையில் மட்டும் இன்னும் உடன்பாடில்லை.