புதிய சீசனுக்கு முன் புனேரி பல்தானின் தடுப்பு வரிசையை எடைபோடுவது எப்படி?

ரஞ்சன்காவ் (புனே): அஷ்டவிநாயகத் தலங்களுள் ஒன்றான மகாகணபதி கோயிலுக்கும், பெரிய தொழிற்பேட்டைக்கும் பெயர்பெற்ற ரஞ்சன்காவ் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலை, புனே நகரை அகில்யாநகருடன் இணைக்கிறது. புரோ கபடி லீக்கில் புனேரி பல்தானைக் கோப்பைக்கு அழைத்துச் சென்ற அணித்தலைவர் அஸ்லம் இனாம்தார் அந்த அகில்யாநகர் மாவட்டத்தைச் சேர்ந்தவர். இந்தப் பகுதியில் புதிய சீசன் நெருங்கும்போது, ரைடு செல்பவர்கள் யார் யார் என்பதே முதல் பேச்சாக இருக்கும். தமிழ்நாட்டிலும் அப்படித்தான். தடுப்பு வரிசையைப் பற்றிய பேச்சு இரண்டாவதாகவே வரும். அதுவும் பெரும்பாலும் ஏலத்தொகையைச் சுற்றியே அமையும்.

ஆனால் கடந்த நான்கு சீசன்களில் புனே அணியின் வெற்றி தோல்விகளைப் பார்த்தால், ஒரு தடுப்பாட்டக்காரரின் விலையோ அவர் முந்தைய சீசனில் எடுத்த புள்ளிகளோ மட்டும் அதிகம் சொல்வதில்லை. அவருக்குப் பக்கத்தில் நிற்பவர் யார், அந்த இருவரும் எத்தனை காலமாகச் சேர்ந்து ஆடுகிறார்கள் என்ற கேள்விகளே கூடுதலாக உணர்த்துகின்றன.

முதலில் களத்தின் அமைப்பைப் பார்ப்போம். ஆடவர் கபடிக் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. தடுக்கும் அணியில் ஏழு பேரும் இருக்கும்போது இரு ஓரங்களிலும் இடது மூலை, வலது மூலை ஆட்டக்காரர்கள் நிற்பார்கள். உள்நோக்கி வந்தால் இருபுறமும் 'இன்', அதற்கடுத்து 'கவர்', நடுவில் ஒருவர். இக்கால அணிகள் பெரும்பாலும் இரு மூலைகளுக்கும் இரு கவர்களுக்கும் மட்டுமே தேர்ந்த தடுப்பாட்டக்காரர்களை வைக்கின்றன. எஞ்சிய மூன்று இடங்களில் ரைடர்களே நிற்கிறார்கள்.

மூலையில் நிற்பவரின் வேலை, உள்ளே வரும் ரைடரின் கணுக்காலையோ தொடையையோ பற்றுவது. கவர் ஆட்டக்காரரின் வேலை, ரைடர் நடுக்கோட்டுக்குத் திரும்பும் வழியை மறிப்பது, அல்லது அவரை மோதிப் பக்கக்கோட்டுக்கு வெளியே தள்ளுவது. மூலை ஆட்டக்காரர் காலைப் பிடித்த பிறகு கவர் வந்து சேரச் சிறிது தாமதமானாலும், பலமுள்ள ரைடர் பிடித்தவரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார். மாறாக, மூலை பிடிக்கும் முன்பே கவர் பாய்ந்துவிட்டால் ரைடருக்குத் தப்பிக்க இடைவெளி கிடைத்துவிடும். இந்தக் கால ஒற்றுமையை ஏலத்தில் வாங்க முடியாது.

அமெரிக்காவின் பேஸ்பாலிலும் இதே உண்மை வேறு வடிவில் உள்ளது. அங்கே உள்களத்தின் நடுவில் நிற்கும் இருவரை இணையாகவே மதிப்பிடுவார்கள். டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் ஆலன் டிராம்மெலும் லூ விட்டேக்கரும் 1977 முதல் 1995 வரை அப்படி ஒருவர் பக்கத்தில் ஒருவர் நின்றனர். கபடியில் அத்தனை நீண்ட உறவுக்கு ஏலமுறை எளிதில் இடம் தராது.

இப்போது புனேயின் கதைக்கு வருவோம். 9-வது சீசனில் ஈரானைச் சேர்ந்த ஃபசல் அத்ராசலி இடது மூலையில் நின்று அணிக்குத் தலைமையும் தாங்கினார். கவுரவ் கத்ரி, தமிழ்நாட்டைச் சேர்ந்த அபினேஷ் நடராஜன், சங்கேத் சாவந்த் ஆகிய இளைஞர்கள் அந்த அணியில் இருந்தனர். 2022 டிசம்பர் 17 அன்று மும்பையில் நடந்த இறுதிப்போட்டியில் ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸிடம் 33-29 என அந்த அணி தோற்றது. அடுத்த சீசனில் ஃபசல் குஜராத்துக்குச் சென்றார். அவருடைய இடத்துக்கு மற்றொரு ஈரானியரான முகமதுரேசா ஷாட்லூவை ரூ.2.35 கோடிக்குப் புனே வாங்கியது.

எல்லோருடைய கண்ணும் அந்தத் தொகையின்மேல்தான் இருந்தது. அணியில் மாறாமல் நின்றது என்ன என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. வலது மூலையில் கவுரவ், வலது கவரில் அபினேஷ், இடது கவரில் சங்கேத் என மூவரும் அப்படியே இருந்தனர். நான்கு கண்ணிகளில் ஒன்றே மாறியது. இடைப்பட்ட இடங்களில் நின்ற அஸ்லமும் மோஹித் கோயத்தும் ரைடு செல்வதோடு பிடிக்கவும் தெரிந்தவர்கள். லீக் சுற்றில் 96 புள்ளிகளுடன் முதலிடம் பிடித்த அந்த அணி, 2024 மார்ச் 1 அன்று ஐதராபாத்தில் ஹரியானா ஸ்டீலர்ஸை 28-25 என வென்று முதல்முறையாகக் கோப்பையைக் கைப்பற்றியது. சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது ஷாட்லூவுக்குக் கிடைத்தது.

அதன்பின் ஷாட்லூ ரூ.2.07 கோடிக்கு ஹரியானாவுக்குப் போனார். 11-வது சீசனில் ஹரியானா சாம்பியன் ஆனது. அதுவும் புனேயின் பாலேவாடி அரங்கிலேயே, 2024 டிசம்பர் 29 அன்று பாட்னா பைரேட்ஸை 32-23 என வென்று. நடப்புச் சாம்பியனான புனேயோ பிளே-ஆஃப் சுற்றுக்கே செல்லவில்லை. அப்படியானால் ஒற்றை நட்சத்திரமே எல்லாம் என்று முடிவுகட்டத் தோன்றும். அது அவசர முடிவு. ஹரியானாவின் இடது கவரில் அணித்தலைவர் ஜெய்தீப் தஹியாவும் வலது மூலையில் ராகுல் சேத்பாலும் முந்தைய சீசனின் இறுதிவரை சேர்ந்து வந்தவர்கள். ஷாட்லூ அங்கேயும் ஏற்கெனவே பழகிய வரிசையில்தான் போய் நின்றார். புனேயின் சரிவுக்கு அவர் விலகியது மட்டும் காரணமல்ல. சீசனின் நடுவில் காயத்தால் அஸ்லமையும் அணி இழந்தது.

12-வது சீசன் இந்த வாதத்துக்குக் கிடைத்த நல்ல சோதனை. அந்த ஏலத்தில் மிக அதிக விலைக்குப் போனவர் ஷாட்லூ. குஜராத் ஜயண்ட்ஸ் ரூ.2.23 கோடி கொடுத்தது. முதல் எட்டு இடங்களுக்குள் குஜராத்தால் வர இயலவில்லை. புனேயிலோ பயிற்சியாளர் மாறினார்; பி.சி. ரமேஷுக்குப் பதில் அஜய் தாக்கூர் பொறுப்பேற்றார். இடப்பக்கத்தைப் புதிதாக அமைக்க வேண்டியிருந்தாலும் வலப்பக்கத்தில் கவுரவும் அபினேஷும் தொடர்ந்தனர். லீக் சுற்றின் முடிவில் புனே, டெல்லி இரண்டும் தலா 26 புள்ளிகளுடன் முன்னிலையில் நின்றன.

ஆகவே புதிய அணிப்பட்டியல் கையில் கிடைத்ததும் ரசிகர் முதலில் தேட வேண்டியது, ஒரே பக்கத்தின் மூலையும் கவரும் முந்தைய சீசனிலிருந்து சேர்ந்து வருகிறார்களா என்பதையே. ஒரு பக்கமாவது அப்படி அமைந்திருந்தால் மறுபக்கத்தைச் சீராக்கப் பயிற்சியாளருக்கு அவகாசம் கிடைக்கும். இரு பக்கமும் புதிதென்றால், எவ்வளவு பெரிய பெயர்கள் இருந்தாலும் முதல் சில ஆட்டங்களில் தடுமாற்றத்தை எதிர்பார்க்கலாம்.

அடுத்தது எண்கள். டேக்கிள் புள்ளிகளின் கூட்டுத்தொகை கண்ணை ஏமாற்றக்கூடியது. தோற்ற பிடிக்கு விலை உண்டு: எதிரணிக்குப் புள்ளி கிடைக்கும், பிடிக்கச் சென்றவரும் வெளியேறுவார். ஓர் எடுத்துக்காட்டாக, ஒருவர் 120 முறை பாய்ந்து 60-ல் வெல்கிறார். இன்னொருவர் 80 முறை பாய்ந்து 48-ல் வெல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் முதலாமவரே மேலே இருப்பார். ஆனால் அவர் 60 எடுத்து 60 கொடுத்தவர். மற்றவர் 48 எடுத்து 32 மட்டுமே கொடுத்தவர். அணிக்கு எவர் தேவை என்பதில் ஐயமில்லை.

'சூப்பர் டேக்கிள்' எண்ணிக்கையையும் அப்படியே நம்பிவிடலாகாது. களத்தில் மூவரோ அதற்கும் குறைவானவர்களோ இருக்கும்போது ரைடரைப் பிடித்தால் இரண்டு புள்ளிகள் கிடைக்கும். அது துணிவுக்குச் சான்றுதான். எனினும் ஓர் அணிக்கு அவை குவிந்துகொண்டே இருந்தால், அந்த அணி அடிக்கடி ஆள் குறைந்து நிற்கிறது என்பதும் அதன் பொருள்.

தனிமனிதச் சாதனையும் அணியின் நிலையும் வேறு வேறு என்பதைத் தமிழ் ரசிகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 11-வது சீசனின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதைப் பெற்றவர் தமிழ் தலைவாஸின் நிதேஷ் குமார். உ.பி. யோத்தாவுக்காக ஆடிய 6-வது சீசனில் 100 டேக்கிள் புள்ளிகளை எட்டிய முதல் ஆட்டக்காரரும் அவரே. விருது வந்த அந்த ஆண்டில் தலைவாஸ் பிளே-ஆஃப் வாய்ப்பைப் பெறவில்லை.

இடைப்பட்ட இடங்களில் நிற்கும் ரைடர்கள் தடுப்பில் எவ்வளவு உதவுவார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பொதுவாக எவரும் எடைபோடாத இடம் இதுதான். நாற்பது நிமிட ஆட்டத்தில் ஏறத்தாழப் பாதி நேரம் அவர்களும் தடுப்பில்தான் நிற்கிறார்கள். பிடியில் சேர்ந்துகொள்ளத் தயங்கும் ரைடர் 'இன்' இடத்தில் நின்றால், எதிரணி அந்த இடத்தையே குறிவைக்கும்.

2025 அக்டோபர் 31 அன்று டெல்லி தியாகராஜ் அரங்கில் நடந்த இறுதிப்போட்டியில் தபாங் டெல்லியிடம் 31-28 என மூன்று புள்ளிகளில் புனே கோப்பையை இழந்தது. அந்த டெல்லி அணியின் இடது மூலைக்காரர், மூன்றாண்டுகளுக்கு முன் புனேவுக்காக அதே இடத்தில் நின்ற ஃபசல் அத்ராசலி.