போகிக்கு ஒட்டடை அடிக்கும்போது கொண்டியையும் ஆட்டிப் பாருங்க: கடத்தூர் வீடுகளுக்கு ஒரு செக்-அப்

பொங்கலுக்கு லீவு போட்டு ஊருக்கு வருகிறவர்களின் கையில் முதலில் திணிக்கப்படுவது ஒட்டடைக் கம்புதான். தர்மபுரி மாவட்டம் கடத்தூரும் சுற்றியுள்ள கிராமங்களும் இதற்கு விதிவிலக்கு அல்ல. பெங்களூரு, ஓசூர், திருப்பூர் என்று வேலைக்குப் போன பிள்ளைகள் பொம்மிடி ஸ்டேஷனில் இறங்கியோ, பஸ் பிடித்தோ வந்து சேர்ந்ததும் பீரோ நகரும், கட்டில் வாசலுக்கு வரும், பரண் காலியாகும். வருடத்தில் ஒருமுறை வீடு மொத்தமாகத் தன்னைக் காட்டும் நாள் அது.

மீதி நாட்களில் அந்த வீட்டை யார் பார்க்கிறார்கள்? அப்பா, அம்மா முன் அறையிலும் சமையலறையிலும் புழங்குவார்கள். பின்பக்க அறை பூட்டியே கிடக்கும். மாடிக் கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்து உட்காராமல் இருப்பது ஆறு மாதமாக யாருக்கும் தெரியாது. சில வீடுகளில் அப்பா, அம்மாவும் பிள்ளைகளோடு போய்விட, வீடு முழுக்கவே பூட்டித்தான் இருக்கிறது. வெளியாள் ஒருவர் உள்ளே நுழைய நினைத்தால் அவருக்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. கொஞ்சம் இருட்டு, கொஞ்சம் நேரம், கைக்கு ஒரு கருவி, 'வீட்டில் ஆள் இல்லை' என்ற தகவல். இது போதும். இந்த நாலையும் குறைக்கும் வேலைகளில் பாதி, எப்படியும் செய்யப்போகிற சுத்தத்தோடு சேர்ந்தே முடிந்துவிடும்.

எதற்கு இவ்வளவு பேச்சு?

2024 நவம்பர் இறுதியில் திருப்பூர் மாவட்டம் பல்லடம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்தில், தோட்டத்து வீட்டில் இருந்த தந்தை, தாய், மகன் மூவரும் கொல்லப்பட்டனர். அடுத்து, ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தோட்டத்து வீட்டில் தனியாக வசித்த வயதான தம்பதி கொல்லப்பட்டது 2025 மே தொடக்கத்தில் வெளியே வந்தது. சம்பவம் நடந்து சில நாட்கள் கழித்துத்தான் விஷயமே தெரிந்தது. இரண்டையும் செய்தது ஒரே கும்பல் என்று சொல்லி அதே மாதம் போலீஸ் சிலரைக் கைது செய்தது. அதன் பிறகு கொங்குப் பகுதியில் தனித்திருக்கும் தோட்ட வீடுகளைக் குறிவைத்து ரோந்து கூட்டப்பட்டது.

பல்லடமும் சிவகிரியும் கடத்தூருக்குப் பக்கத்து ஊர்கள் இல்லைதான். ஆனா வீட்டின் அமைப்பைப் பாருங்கள். ஊரை விட்டு விலகி நிலத்துக்கு நடுவே ஒரு வீடு, அக்கம்பக்கத்தில் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆள் இல்லை, உள்ளே அறுபது, எழுபது வயதுக்காரர்கள், பிள்ளைகள் வெளியூரில். கடத்தூர் சுற்றுவட்டாரத்தில் வெற்றிலைக் கொடிக்காலும் தென்னந்தோப்பும் இருக்கிற பக்கம் எல்லாம் இதே காட்சிதான். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பூட்டு என்பது பீரோவுக்கு மட்டும் இல்லை, உள்ளே தூங்குகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் என்பதற்காக.

கடப்பாரை எங்கே இருக்கு?

வீட்டைச் சுற்றி ஒரு ரவுண்டு போங்க. விவசாய வீடு என்றால் சுவரோரம் கடப்பாரை சாய்ந்திருக்கும். பக்கத்தில் மண்வெட்டி, தேங்காய் உரிக்கிற கம்பி, மாட்டுக்கொட்டகையில் ஒரு மூங்கில் ஏணி. பூட்டிய வீட்டை உடைக்க வருகிறவர் கருவியைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் நடக்க வேண்டியதே இல்லை, வீட்டுக்காரரே தயாராக வைத்திருக்கிறார்! போகிக்கு முந்தின நாள் இதையெல்லாம் கழுவி, உள்ளே பூட்டுகிற ஓர் அறையில் அடுக்குங்கள். ஏணி உள்ளே போகாத நீளம் என்றால் ஒரு சங்கிலி போட்டு ஜன்னல் கம்பியிலோ தூணிலோ படுக்கவைத்துப் பூட்டிவிடலாம். செலவு என்று பார்த்தால் ஒரு சங்கிலி, ஒரு பூட்டு.

அதே ரவுண்டில் செடி கொடியையும் பாருங்க. ஜன்னலை மறைக்கும் அளவுக்கு வளர்ந்த செம்பருத்தி, காம்பவுண்டு சுவரை ஒட்டி மாடிக்குப் படிக்கட்டு மாதிரி நிற்கும் கொய்யா, சுவரோரம் குவித்த செங்கல். இவை ஆள் ஒளியவும் ஏறவும் இடம் தருகின்றன. மரத்தையே வெட்ட வேண்டாம், சுவர்ப் பக்கம் வந்த கிளையைக் கழித்தால் போதும். பின்பக்கம் விளக்கு ஃபியூஸ் போய் எத்தனை நாள் ஆச்சு என்றும் கேளுங்கள். ஆள் நடமாட்டம் தெரிந்தால் தானே எரியும் சோலார் சென்சார் விளக்கு இப்போது ஆன்லைனில் சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கிறது. கரண்ட் போனாலும் எரியும். கேமராவுக்கு முன்னால் இதை வாங்குவது புத்திசாலித்தனம்.

பூட்டு கனம், கொண்டி லேசு

நம்ம ஊரில் பூட்டு வாங்குவதில் காட்டும் அக்கறை, அது மாட்டுகிற கொண்டியில் கிடையாது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் செய்யும் மாங்காய்ப் பூட்டும், சாவியைத் திருப்பும்போது மணி அடிக்கும் மணிப்பூட்டும் பாட்டி காலத்து வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அதை எண்ணெய் போட்டுத் துடைத்து மாட்டினால் பல வருஷம் வரும். ஆனா அந்தக் கனமான பூட்டு, அரை அங்குல ஸ்க்ரூவில் நிற்கிற தகரக் கொண்டியில் தொங்கினால் என்ன பயன்? உடைப்பவர் பூட்டைத் தொடவே மாட்டார். கொண்டியை நெம்புவார், ஸ்க்ரூவோடு சேர்ந்து வந்துவிடும்.

அதனால் ஒட்டடை அடித்து முடித்ததும் ஒவ்வொரு கதவாக நின்று மூன்று விஷயம் பாருங்கள். கொண்டியையும் நாதாங்கியையும் பிடித்து ஆட்டினால் அசைகிறதா? கதவை மூடிய பிறகும் ஸ்க்ரூ தலை வெளியே தெரிகிறதா? கதவைத் தாங்கும் கீல் வெளிப்பக்கம் இருக்கிறதா? இதில் ஏதாவது ஒன்றுக்கு 'ஆமாம்' என்றால், ஆசாரியைக் கூப்பிட்டு நீள ஸ்க்ரூவோ, மறுபக்கம் நட்டு போட்டு முடுக்கும் போல்ட்டோ மாற்றச் சொல்லுங்கள். அரை நாள் வேலை. முன்கதவு தேக்கு, பின்கதவு பிளைவுட் என்று கட்டிய வீடுகள் நிறைய. பூட்டுக்கு ஆகும் காசைப் பின்கதவின் உள்தாழ்ப்பாளில் போடுவது நல்லது. மாடிக் கதவுக்கும் அதேதான்.

ஓட்டு வீடாக இருந்தால் வெள்ளை அடிக்கும்போது மேலேயும் ஒரு பார்வை. நகர்ந்த ஓடு மழைக்கு மட்டும் வழி விடுவதில்லை.

ஒரு எச்சரிக்கை. உள்ளே இருந்து கிரில் கேட்டைப் பூட்டிவிட்டு, சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கும் பழக்கம் பெரியவர்களிடம் உண்டு. தீப்பிடித்தால் அந்த இருட்டில் சாவி கிடைக்காது. கேட்டுக்கு அருகே, வெளியில் இருந்து கை எட்டாத, உள்ளே இருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஓர் ஆணியில் சாவி தொங்கட்டும். மற்றபடி பூந்தொட்டிக்கு அடியில், மீட்டர் பாக்ஸுக்கு மேலே, செருப்பு ஸ்டாண்டில் சாவி வைப்பதெல்லாம் ரகசியமே இல்லை. தெருவுக்கே தெரியும்.

பரணில் இருந்து இறங்கும் தகவல்

போகிக்குப் பழசைக் கழிப்போம். டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறது, அது தனிக்கதை. இங்கே விஷயம் பழைய பேப்பர் கடைக்குப் போகும் கட்டு. அதில் என்னவெல்லாம் இருக்கும்? ஆதார் ஜெராக்ஸ், பேங்க் கடிதம், நகைக்கடை பில், பெயரும் முகவரியும் போன் நம்பரும் ஒட்டிய கூரியர் அட்டைப்பெட்டிகள். ஒருத்தர் வீட்டில் எவ்வளவு நகை, யார் எந்த ஊரில் என்று சொல்ல இது போதும். அட்டைப்பெட்டி லேபிளைக் கிழித்து எடுத்துவிட்டுப் போடுங்கள். இனி யாருக்காவது ஆதார் நகல் தர வேண்டியிருந்தால், கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை யுஐடிஏஐ தளத்தில் டவுன்லோடு செய்துகொள்ளலாம். பழைய போன்களை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் முன் ஃபேக்டரி ரீசெட் செய்வது ஐடி துறைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனா அப்பாவின் போனுக்கு அதைச் செய்தது யார்?

பெயின்ட் அடிக்கவும் சுத்தம் செய்யவும் ஆள் வரும் நாட்களில் பீரோ சாவி பீரோவிலேயே தொங்குவது சகஜம். ஏதாவது காணாமல் போனால் முதல் சந்தேகம் கூலிக்கு வந்தவர் மீதுதான் விழும், பல நேரம் அநியாயமாக. வேலை தொடங்கும் முன்பே நகையையும் பத்திரங்களையும் ஒதுக்கிவிட்டால் இரண்டு தரப்புக்குமே நிம்மதி.

கேமரா வாங்கலாமா?

வாங்கலாம். ஆனா கதவு சரியான பிறகு. கேமரா யாரையும் தடுத்து நிறுத்தாது, பார்த்துக்கொண்டிருக்கும். அதோடு, பதிவாகும் டிவிஆர் பெட்டியை டிவிக்குக் கீழேயே வைத்திருந்தால் திருட வந்தவர் அதையும் கழற்றிக்கொண்டு போவார். இப்படிச் செய்திகள் அடிக்கடி வருகின்றன. பெட்டியைப் பூட்டக்கூடிய அலமாரியில் வையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் கேமரா, வைஃபை ரவுட்டர் இரண்டையும் அதில் இணைக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது பாஸ்வேர்டு. மாட்டிக்கொடுக்கும் ஆள் எல்லா வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டுவிட்டுப் போவதுண்டு. 2016-ல் 'மிராய்' என்ற தீநிரல், கம்பெனி வைத்த பாஸ்வேர்டு மாற்றப்படாத லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றி, அதே ஆண்டு அக்டோபரில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்ற தளங்களையே திணறவைத்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், அம்மா சமையலறையில் நிற்பதை வேறு யாரோ பார்க்கலாம் என்பதே பாஸ்வேர்டை மாற்றப் போதுமான காரணம். இந்தியாவில் 2025 ஏப்ரல் முதல் சிசிடிவி கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்துள்ளது. புதிதாக வாங்கினால் அந்தச் சான்று உண்டா என்று கடையில் கேளுங்கள்.

நகைக்கு ஒரு போட்டோ

பீரோ காலியாக இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் நகைகளை வெள்ளைத் துணியில் பரப்பி ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்துவிடுங்கள். 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் நகைகள் விற்க எச்யுஐடி என்ற ஆறு இலக்க எண்ணும் எழுத்தும் கலந்த குறியீடு கட்டாயம். புது நகை என்றால் அதையும் குறித்துக்கொள்ளலாம். 'ரெண்டு பட்டைச் சங்கிலி, பழசு' என்று புகாரில் எழுதுவதற்கும் போட்டோவோடு கொடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு. போட்டோ குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வேண்டாம், ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும்.

பேங்க் லாக்கர் பற்றியும் ஒரு வார்த்தை. ரிசர்வ் வங்கியின் 2021 விதிகளின்படி தீ, திருட்டு, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி போன்றவற்றில் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரை. வாடகை 2,000 ரூபாய் என்றால் உச்சவரம்பு 2 லட்சம். முழு நகைக்கும் ஈடு இல்லைதான், ஆனாலும் அரிசிப் பானைக்குள் வைப்பதை விட எவ்வளவோ மேல். வீட்டுக் கடனோடு எடுத்த இன்சூரன்ஸ் திருட்டுக்கும் சேரும் என்று பலர் நினைக்கிறார்கள். 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டு பாலிசி தீ, வெள்ளம் போன்ற சேதம் நடந்த 7 நாட்களுக்குள் அதனால் நேர்ந்த திருட்டைத்தான் பார்க்கும். மற்றபடி திருட்டுக்குத் தனிப் பாலிசி வேண்டும்.

திரும்பிப் போகும் முன்

காணும் பொங்கல் முடிந்து பஸ் ஏறும் முன் இன்னும் மூன்று வேலை. தினமும் ஒரே நேரத்தில் அப்பா, அம்மாவுக்கு போன் செய்வதை வழக்கமாக்குங்கள். எடுக்கவில்லை என்றால் உடனே போய்ப் பார்க்கக்கூடிய ஒரு பக்கத்து வீட்டுக்காரரின் நம்பரை வாங்கி வையுங்கள். அப்பாவின் போனில் 112-ஐ ஸ்பீடு டயலில் போட்டு, 2022-ல் தமிழ்நாடு காவல்துறை கொண்டுவந்த 'காவல் உதவி' செயலியின் சிவப்பு பட்டனை ஒருமுறை காட்டிக்கொடுங்கள். வீடு முழுசாகப் பூட்டிக் கிடக்கப் போகிறது என்றால் கடத்தூர் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகலாம். ஒவ்வொரு பண்டிகைக்கும் போலீஸே இதைக் கேட்கிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 'ஃபேமிலியோடு கொடைக்கானல்' போட வேண்டும் என்றால், திரும்பி வந்த பிறகு போடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருநாள் வந்து பார்க்கும்போது கொண்டி தொங்கினால் உள்ளே போகாதீர்கள், ஆள் இன்னும் உள்ளேயே இருக்கலாம். வெளியே நின்று போலீஸைக் கூப்பிடுங்கள். அவர்கள் வந்து ரேகை எடுத்து முடிக்கும் வரை துடைப்பம், துணி எதையும் தொட வேண்டாம். சிதறிக் கிடப்பதை எடுத்து அடுக்கத்தான் எல்லாருக்கும் கை பரபரக்கும், அதோடு தடயமும் போய்விடும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித் தகவல் தெரியும்போது நீங்கள் பெங்களூருவில் இருந்தால்கூட, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவின்படி அங்குள்ள ஸ்டேஷனிலேயே புகார் தரலாம். ஆன்லைனிலும் அனுப்பலாம், அப்படி அனுப்பினால் 3 நாட்களுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். நகை போட்டோ அப்போது கையில் இருக்கட்டும்.