‘கொஞ்சம் வேலை இருக்கு’: பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு எது நியாய விலை?

பல்கலைக்கழகக் கார் நிறுத்துமிடத்தில் பழைய புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ ஒன்று வந்து நின்றால், நான்கு பேராவது திரும்பிப் பார்க்கிறார்கள். நம்மில் பலர் பிறப்பதற்கு முன்பே அறிமுகமான கார் அது. சத்ரியா என்ற பெயர், ‘சத்திரியர்’ என்று நாம் அறிந்த அதே சமஸ்கிருதச் சொல்லிலிருந்து மலாய்க்கு வந்தது. புரோட்டோன் 1996இல் லோட்டஸ் நிறுவனத்தை வாங்கியது. அதன் பொறியாளர்கள் செப்பனிட்ட சஸ்பென்ஷன், 1,834 சிசி 4ஜி93பி எஞ்சின், ஐந்து கியர் மேனுவல் கியர்பாக்ஸ், ரெக்காரோ இருக்கைகள் என்று 1990களின் இறுதியில் வந்த இந்த ஜிடிஐ, மலேசிய இளைஞர்களின் கனவுக் காராக இன்றும் இருக்கிறது.

கனவு விற்பனைக்கு வரும்போது அறிவிப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “சத்ரியா ஜிடிஐ. எஞ்சின் பவர். கொஞ்சம் வேலை இருக்கு. 20,000 வெள்ளி.”

இந்த வரியில் நாம் விலை போட வேண்டியது ‘கொஞ்சம்’ என்ற சொல்லுக்குத்தான். வேலைக்குச் சேர்ந்து மூன்று ஆண்டு சேமித்த பணமும், சிலருக்குப் பிடிபிடிஎன் கடனில் மிச்சம் பிடித்த பணமும் அந்த ஒரு சொல்லுக்குள் கரைந்துபோவதைப் பார்க்கிறோம். இவ்வளவு பழைய காருக்கு வங்கிகள் பொதுவாகக் கடன் தருவதில்லை. வாங்குபவர் ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும். தவறினால் மொத்த இழப்பும் நம்முடையதே.

என் பெரியம்மா மகனான அண்ணன் இந்த ஆண்டு இப்படி ஒரு காரைப் பார்க்கப் போனார். நானும் உடன் போனேன். அவர் தனக்குத் தெரிந்த போர்மேன் ஒருவரையும் அழைத்து வந்திருந்தார். அன்று நான் கற்றுக்கொண்ட கணக்கை இங்கே பகிர்கிறேன். விலைகளைப் புரிவதற்கு எளிதாக முழு எண்களாக்கியிருக்கிறேன். ஊருக்கு ஊர், பட்டறைக்குப் பட்டறை அவை மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

முதலில் கிரான், பிறகு கார்

கார் பளபளவென்று இருந்தது. அண்ணன் நேராகச் சக்கரங்களைப் பார்க்கக் குனிந்தார். போர்மேன் தடுத்தார்.

“தம்பி, அது எங்கேயும் ஓடிப் போகாது. முதல்ல கிரானை வாங்கிப் பாரு.”

“ஏண்ணே, பார்த்தாலே ஜிடிஐன்னு தெரியுதே?”

“பார்த்தா தெரியுற மாதிரி செய்யறதுக்குத்தான் பாடி கிட் விக்கிறாங்க.”

1.3, 1.5, 1.6 லிட்டர் சத்ரியாக்களும் நிறைய விற்பனையாயின. அவற்றில் ஜிடிஐ பம்பரையும் சக்கர வளைவுகளையும் பொருத்தி, உள்ளே 4ஜி93 எஞ்சினை ஏற்றிவிட்டால் வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது. ஜப்பானிலிருந்து ‘ஹாஃப் கட்’டாக வந்த 4ஜி93 எஞ்சினாகவும் இருக்கலாம். புரோட்டோன் புத்ராவிலிருந்து கழற்றியதாகவும் இருக்கலாம். ஆகவே கிரானில் 1,834 சிசி என்று இருப்பது மட்டும் போதாது. மாடல் பெயர், எஞ்சின் எண், சேஸி எண் மூன்றும் காரில் இருப்பவற்றோடு ஒத்துப்போக வேண்டும். உரிமை மாற்றத்திற்கு முன் புஸ்பாகோம் போன்ற மையங்களில் நடக்கும் பி5 பரிசோதனையில் இந்த எண்களைத்தான் பார்ப்பார்கள். எஞ்சின் மாற்றியதைச் சாலைப் போக்குவரத்துத் துறையில் பதியாமல் விட்டிருந்தால், பெயர் மாற்றம் அங்கேயே நின்றுவிடும்.

மாற்றிய கார் மோசமான கார் என்று சொல்ல முடியாது. முறையாகப் பதிந்திருந்தால் ஓட்டி மகிழலாம். ஆனால் அதற்கு அசல் ஜிடிஐ விலையைக் கொடுக்கக் கூடாது.

ஒரே புகை, இரண்டு பில்

பழைய எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் கேட்க வேண்டும். “நாங்கள் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்” என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

புகையின் நிறம் ஒரு மொழி. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகமாக எரிகிறது. எஞ்சின் சூடான பிறகும் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை தொடர்ந்தால், ரேடியேட்டர் நீர் எஞ்சினுக்குள் கசிகிறது. நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. விலை பேசுவதில் சிக்கல் தருவது இந்த நீலம்தான். வால்வு சீல் தேய்ந்திருந்தாலும் நீலப் புகை வரும், பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தாலும் வரும். முன்னது சில நூறு வெள்ளி வேலை. பின்னதற்கு எஞ்சினையே பிரிக்க வேண்டும், பில் சில ஆயிரங்களாகும்.

இரண்டையும் பிரித்தறிய கம்ப்ரஷன் டெஸ்ட் உதவும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, நான்கு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளப்பார்கள். ஒன்றில் குறைவாக இருந்தால், அதில் சிறிது எஞ்சின் எண்ணெய் ஊற்றி மறுபடியும் அளப்பார்கள். எண்ணெய் ரிங்கின் இடைவெளியை அடைத்துக்கொள்ளும். அழுத்தம் உயர்ந்தால் ரிங்தான் பிரச்சினை. உயராவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கெட்டையோ பார்க்க வேண்டும். அரை மணி நேர வேலை இது, பல ஆயிரம் வெள்ளி சந்தேகத்தைத் தீர்த்துவிடும். இதற்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால், எஞ்சின் செலவு முழுவதையும் விலையில் கழித்துத்தான் பேச வேண்டும்.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அது அறுந்தால் எஞ்சினின் உட்பாகங்களும் சேதமடையலாம். குளிர்ந்த நிலையில் இரண்டாவது, மூன்றாவது கியர் கரகரத்தால் கியர்பாக்ஸ் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது.

பணத்தைத் தின்னும் துரு

எஞ்சின் பாகம் கிடைக்கும், விலையும் முன்கூட்டியே தெரியும். துரு அப்படியில்லை. வெட்டிப் பார்க்கும் வரை அதன் அளவு தெரியாது. ஜிடிஐயின் அகன்ற சக்கர வளைவுகளும் பக்கவாட்டு ஸ்கர்ட்டும் நம் ஊர் மழை நீரையும் சேற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும் இடங்கள். முன்பக்க அப்சோர்பர் பொருந்தும் மேல்பகுதி, கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் தரைத்தகடு, பின்சக்கர வளைவின் உட்பக்கம் ஆகிய மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். சிறிய காந்தத்தைத் துணியில் சுற்றித் தகட்டின் மேல் நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் புட்டி பூசியிருக்கிறார்கள்.

வெள்ளத்தையும் மறக்க வேண்டாம். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் உள்ளிட்ட சிலாங்கூர் பகுதிகளில் எத்தனை கார்கள் மூழ்கின என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். சீட் பெல்ட்டை முழுவதுமாக இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கறை இருந்தால், மின்கம்பிகளுக்குள்ளும் நீர் போயிருக்க வாய்ப்புண்டு.

கணக்கு இப்படிப் போகிறது

அண்ணன் நான்கு மாதமாக விலைகளைக் குறித்து வைத்திருந்தார். அறிவிப்பில் கேட்கும் விலை வேறு, பேசி முடிந்த விலை வேறு. விற்று முடித்தவர்களிடம் விசாரித்ததில், உடனே ஓட்டக்கூடிய நல்ல ஜிடிஐ சுமார் 28,000 ரிங்கிட்டுக்குக் கை மாறியது தெரிந்தது. அதுதான் தொடக்கப் புள்ளி.

நாங்கள் பார்த்த காருக்குப் போர்மேன் போட்ட பட்டியல் இது: துருவை வெட்டி வெல்டிங் செய்து சாயம் அடிக்க 5,500. அப்சோர்பர், புஷ் 2,200. கியர்பாக்ஸ் 1,800. ஏர்கோன் 1,300. டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், சீல்கள் 900. பிரேக் 800. டயர் 500. மொத்தம் 13,000.

நான்கு புதிய டயர் 1,000 ஆகும், ஏன் பாதியை மட்டும் எழுதினார்? 28,000 வெள்ளிக் காரிலும் டயர் புதிதாக இருக்காது, பாதி தேய்ந்துதான் இருக்கும். அதற்கு மேல் கழித்தால் விற்பவருக்கு அநியாயம். நியாய விலை இரு பக்கமும் நியாயமாக இருக்க வேண்டும் என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது.

இதோடு, பிரித்த பிறகு வெளிப்படும் செலவுகளுக்காக 20 விழுக்காடு, அதாவது 2,600 சேர்த்தார். மொத்தம் 15,600. 28,000இல் இதைக் கழித்தால் 12,400. பழுது நிறைந்த அந்தக் காருக்கு அண்ணன் கொடுக்கக்கூடிய உச்ச விலை அவ்வளவுதான்.

விற்பவர் 20,000 கேட்டார். அவரும் இளைஞர்தான், காரை நேசிப்பவர். “பிரதர், ரிம், எக்ஸாஸ்ட், சவுண்ட் சிஸ்டம் எல்லாம் சேர்த்து 15,000 வெள்ளிக்கு மேல செலவு பண்ணியிருக்கேன்” என்று ரசீதுகளைக் காட்டினார். அவர் சொன்னது உண்மை. ஆனால் அவர் ரசனைக்குச் செலவழித்த பணத்தை அடுத்தவர் திருப்பித் தர மாட்டார். அசல் ரெக்காரோ இருக்கைகளும் அசல் சக்கரங்களும் அவரிடம் இருந்திருந்தால் விலை கூடியிருக்கும். அவற்றை எப்போதோ விற்றுவிட்டார்.

பேசிப் பேசி 16,500 வரை இறங்கி வந்தார். 3,500 குறைந்ததும் அண்ணனின் முகம் மலர்ந்தது. இந்த இடத்தில்தான் பலர் கை குலுக்கிவிடுகிறார்கள். நான் கைப்பேசியில் கூட்டிக் காட்டினேன்: 16,500 உடன் 13,000 சேர்ந்தால் 29,500. எதிர்பாராத செலவை இன்னும் சேர்க்கவே இல்லை. நல்ல காரை 28,000க்கு வாங்கி மறுநாளே ஓட்டலாம். இந்தக் காரோ மாதக்கணக்கில் பட்டறையில் நிற்கும். கேட்ட விலையிலிருந்து எவ்வளவு குறைந்தது என்பது லாபக் கணக்காகாது. பழுது பார்த்து முடித்த பிறகு மொத்தம் எவ்வளவு ஆகிறது என்பதே கணக்கு.

அண்ணன் 12,400 சொன்னார், காரணங்களையும் பட்டியலாகக் காட்டினார். விற்பவர் கோபப்படவில்லை, சம்மதிக்கவும் இல்லை. நன்றி சொல்லித் திரும்பினோம். இரண்டு வாரத்தில் கார் வேறு ஒருவருக்கு விற்றுப்போனது.

அப்படியென்றால் எங்கள் விலை தவறா? அப்படி நான் நினைக்கவில்லை. வாங்கியவர் தாமே வெல்டிங் தெரிந்தவராக இருந்தால், 5,500 வேலை அவருக்கு 1,500இல் முடிந்திருக்கலாம். அவருக்கு 16,500 நியாயமான விலையே. ஒவ்வொரு பழுதுக்கும் பட்டறையை நம்பியிருக்கும் அண்ணனுக்கு அது நியாயமில்லை. பழைய காரின் நியாய விலை, வாங்குபவரின் கைத்திறனையும் பொறுத்தது.

வாங்கிய பிறகும் உண்டு

யானை வாங்குபவர் தீவனத்துக்கும் வழி செய்ய வேண்டும். தீபகற்ப மலேசியாவில் தனிநபர் பெயரிலுள்ள 1,834 சிசி காருக்குச் சாலை வரி ஆண்டுக்கு 297 ரிங்கிட்தான், பயப்படத் தேவையில்லை. காப்புறுதியைத்தான் கவனிக்க வேண்டும். வயதான காருக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டுமே தரச் சில நிறுவனங்கள் முன்வரும். அப்படியானால் திருட்டுக்கு இழப்பீடு கிடையாது. விலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே இதை விசாரித்துவிடுங்கள்.

கையில் இருக்கும் பணம் முழுவதையும் காரின் விலைக்கே கொடுத்துவிட்டால், பிரேக்கும் டயரும் ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்றாகிவிடும். வேகத்துக்காகச் செய்த காரில் தேய்ந்த பிரேக்கோடு நெடுஞ்சாலையில் போவது எந்த விலைக்கும் நியாயமில்லை. உங்களிடம் 15,000 இருந்தால், 15,000 வெள்ளிக் காரைத் தேடாதீர்கள். வாங்கும் விலையும் பழுதுச் செலவும் சேர்ந்து 15,000க்குள் அடங்கும் காரைத் தேடுங்கள்.

அண்ணன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். அவருடைய குறிப்பேட்டில் இப்போது ஒவ்வொரு காருக்கும் மூன்று பத்திகள்: கேட்கும் விலை, பழுதுச் செலவு, இரண்டும் சேர்ந்த மொத்தம். முடிவெடுப்பது மூன்றாவது பத்தியைப் பார்த்துத்தான். நீங்களும் அடுத்த முறை ‘கொஞ்சம் வேலை இருக்கு’ என்ற அறிவிப்பைப் பார்த்தால், போன் செய்வதற்கு முன் ஒரு தாளில் அந்த மூன்று பத்திகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.