ஓடுவதற்கு முன் நிற்கத் தெரிய வேண்டும்

குதிரை வாங்கியவன் முதலில் வாங்க வேண்டியது கடிவாளமா, சவுக்கா என்று கேட்டால் சிறு பிள்ளையும் தயங்காது விடை சொல்லும். ஆனால் அதே கேள்வியைப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை முன்னே நிறுத்திக் கேட்டால், நன்கு படித்தவர்களும் சவுக்கையே தேடி ஓடுகின்றனர். இது நாம் கண்ணாரக் கண்ட உண்மை.

எம்மிடம் பௌதிகம் பயின்று, இப்பொழுது இங்கிலாந்திலே தொழில் புரியும் அன்பர் ஒருவர், 1969ஆம் ஆண்டில் செய்யப்பட்ட எம். ஜி. பி. ஜி. டி. கார் ஒன்றை வாங்கினார். வாங்கிய மகிழ்ச்சியோடு எமக்கு ஒரு நீண்ட கடிதமும் எழுதினார். அதில் ஒரு பட்டியல் இருந்தது. பெரிய வெபர் காபரேற்றர், கூர்மையான கமுத்தண்டு, புதிய புகைக்குழாய், அகன்ற ரயர்கள். கையில் 2000 பவுண் இருப்பதாகவும், எஞ்சினின் வலுவை இன்னும் கால் பங்கு கூட்ட விரும்புவதாகவும் எழுதியவர், "எதனை முதலில் வாங்கலாம், சேர்?" என்று முடித்திருந்தார்.

அக்கடிதத்துக்கு நாம் உடனே விடை எழுதவில்லை. உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றுக்காக அந்நாட்டுக்குச் செல்ல வேண்டியிருந்தமையால், நேரிலேயே வண்டியைப் பார்க்கலாம் என்றிருந்தோம்.

வண்டியின் வரலாறு

எம். ஜி. பி. என்பது ஒக்ஸ்போர்ட்டுக்கு அண்மையிலுள்ள அபிங்டன் என்ற ஊரிலே 1962 முதல் 1980 வரை செய்யப்பட்ட கார். ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் அங்கிருந்து வெளிவந்தன. இதற்கு முந்திய எம். ஜி. ஏ. வண்டிக்குத் தனியான அடிச்சட்டம் இருந்தது. எம். ஜி. பி.க்கோ உடலே சட்டம். 1798 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய நான்கு உருளை எஞ்சின்; ஏறக்குறைய 95 பரிவலு; இரண்டு எஸ். யு. காபரேற்றர்கள், முன் சில்லுகளுக்குத் தட்டுப் பிறேக், பின் சில்லுகளுக்கு உருளிப் பிறேக். கூரையுடன் கூடிய ஜி. டி. வகை 1965இல் வந்தது. அதன் வடிவமைப்பில் இத்தாலியரான பினின்பரீனா நிறுவனத்தாரின் கைவண்ணமும் உண்டு.

இதன் எஞ்சின் எமக்கு அந்நியமானதன்று. 'பி' வரிசை எனப்படும் அதே குடும்பத்து எஞ்சின்தான் எம் நாட்டு வீதிகளில் ஓடிய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்களிலும், இந்தியாவின் அம்பாசடர் காரிலும் இருந்தது. முரட்டு உழைப்புக்குப் பேர்போன எஞ்சின் அது.

குன்றிறக்கத்தில் கற்ற பாடம்

ஒரு சனிக்கிழமை காலை, அன்பர் எம்மை டார்பிஷயர்க் குன்றுகளைக் காட்ட அழைத்துச் சென்றார். முன் ஆசனத்தில் நாம்; பின்னாலுள்ள ஒடுங்கிய இருக்கையில் அவருடைய பத்து வயது மகன். ஏற்றத்தில் வண்டி இனிமையாகப் பாடிக்கொண்டு சென்றது. இறக்கத்தில்தான் கதை மாறியது. நீண்ட சரிவு, வளைவுக்கு வளைவு பிறேக் பிடிக்க வேண்டியிருந்தது. பாதி வழியில் கருகிய நாற்றம் எழுந்தது. அடுத்த வளைவில் அன்பர் மிதித்த மிதி, பஞ்சை மிதித்ததுபோல் அடிவரை சென்றது. அவர் முகம் வெளுத்தது. நல்ல வேளையாகப் பதற்றப்படாமல் கியரைக் குறைத்து, கைப்பிறேக்கையும் இழுத்து, ஓரத்துப் புற்றரையில் வண்டியை நிறுத்தினார். பின்னாலிருந்த பையன் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

வண்டியைச் செய்தவர்கள் மீது இதில் குற்றமில்லை. பல ஆண்டுகளாக மாற்றப்படாத பிறேக் திரவமே காரணம். அத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. டொட் 4 என்ற தரத்துத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அவ்வெல்லை 155 பாகைக்கு இறங்கிவிடலாம். கொதித்தால் ஆவிக் குமிழிகள் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதியின் விசை சில்லைச் சென்றடையாது.

மாணவர்கள் இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம். ஒரு தொன் நிறையுள்ள வண்டி 200 மீற்றர் உயரத்திலிருந்து பிறேக்கை மட்டும் நம்பி இறங்கினால், மணிக்கு 60 மைல் வேகத்தில் ஓடும் வண்டியை ஐந்து முறைக்கும் மேல் முற்றாக நிறுத்துவதற்கு ஈடான வெப்பம் அங்கே பிறக்கிறது.

வலு எவ்வளவு தரும்?

அன்று மாலை, தேநீர் அருந்தியபடி அந்தப் பட்டியலை விரித்துக்கொண்டோம். "தம்பி, 95 பரிவலுவை 120 ஆக்கினால் உச்ச வேகம் எவ்வளவு கூடும்?" என்று கேட்டோம். காற்றின் தடையை வெல்வதற்கு வேண்டிய வலு, வேகத்தின் கன அளவில் வளர்வது. ஆகவே வலு கால் பங்குக்கு மேல் கூடினாலும், உச்ச வேகம் நூற்றுக்கு எட்டளவே கூடும். இயக்கப்பாட்டுச் சக்தியோ வேகத்தின் வர்க்க அளவில் வளர்வது. நூற்றுக்குப் பதினேழு கூடிவிடும். அதனை வெப்பமாக்கி வெளியேற்ற வேண்டியது பிறேக். கணக்கை முடித்தபின் அவரே பேனாவை எடுத்துப் பட்டியலைத் தலைகீழாக எழுதத் தொடங்கினார்.

வலுக் கூடியதும் மேலும் விரைவாக வேகமெடுக்கலாம் என்பது மெய்தான். அந்த இன்பத்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஒரு சான்றை நோக்குக. 1973இல் அபிங்டன் தொழிற்சாலையினர் தாமே இவ்வண்டியில் 3528 கன சென்ரிமீற்றர் றோவர் வி8 எஞ்சினைப் பொருத்தி 137 பரிவலு பெற்றனர். 1976 வரை 2591 வண்டிகள் அவ்வாறு செய்தனர். அப்பொழுது அவர்கள் எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தடித்த பிறேக் தட்டுகளையும் வலிய பிடிகளையும் கூடவே பொருத்தினர். செய்தவர்களே கடைப்பிடித்த ஒழுங்கை வாங்கியவர் மீறலாமா?

முறையான வரிசை

நாம் இருவரும் கூடி எழுதிய வரிசையை, பயன்படுவோருக்காக இங்கே தருகிறோம்.

முதலாவது, நோய் தீர்த்தல். உடலே சட்டமாகையால், கதவுக்குக் கீழுள்ள பக்கத் தகடுகளில் துரு ஏறியிருப்பின் வண்டியின் முதுகெலும்பே பழுதென்று கொள்க. முன் சில்லுகளைத் தாங்கித் திருப்பும் முளைகளுக்குக் கிறீஸ், அதிர்ச்சி தாங்கிகளுக்கு எண்ணெய், உருளைகளின் அமுக்கச் சோதனை ஆகியவை முடியும் முன் எந்த அலங்காரமும் வேண்டாம். தேய்ந்த பாகத்தைப் புதுப்பித்தாலே, இழந்துவிட்டோம் என்று நினைத்த வலுவிற் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும்.

இரண்டாவது, நிறுத்தம். புதிய திரவம், புதிய ரப்பர்க் குழாய்கள், நல்ல பிறேக் கட்டைகள். திரவத்தை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுதல். இவ்வண்டியில் நான்கு சில்லுகளுக்கும் ஒரே திரவ வழிதான்; ஓரிடத்தில் கசிந்தால் எல்லாம் போயிற்று. வலுவூட்டி ஒன்றைச் சேர்த்தால் காலுக்கு இலகுவாகும். ஆனால் அது வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலைச் சிறிதும் கூட்டாது என்பதை மறத்தலாகாது. ரயர்களின் தடிப்பைப் போலவே வயதையும் பார்க்க வேண்டும். அளவுக்கு மிஞ்சி அகன்ற ரயர் திருப்புசக்கரத்தைக் கனமாக்கும்.

மூன்றாவது, குளிர்ச்சியும் மின்னும். சுத்தமான றேடியேற்றர், தேயும் தொடுமுனைகளுக்குப் பதிலாக இலத்திரன் தீமூட்டி, ஆசனத்தின் பின்னே ஒளிந்திருக்கும் இரண்டு 6 வோல்ற் பற்றறிகளுக்குப் பதிலாக ஒரு 12 வோல்ற் பற்றறி. செலவு சிறிது, நடுவழியில் நிற்கும் துன்பம் பெரிதும் குறையும்.

நான்காவது, தாங்கமைப்பு. விறைத்த வில்களைப் போட்டு வண்டியைத் தாழ்த்துவோர் பலர். மேடுபள்ளமான வீதியில் அது பற்களைத்தான் ஆட்டும். இறுகிய புதிய ரப்பர்ப் பொதிகளே பெரும்பாலும் போதும்.

ஐந்தாவது, கியர் அமைப்பு. நீண்ட பயணம் செய்வோருக்கு ஓவர்டிரைவ் எனப்படும் மிகைக் கியர் பெரும் வரம். அதே வேகத்தில் எஞ்சினின் சுழற்சி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். இரைச்சலும் எரிபொருளும் குறையும்.

கடைசியிலேதான் வலு. அதிலும் காபரேற்றரில் தொடங்குவது பிழை. இவ்வெஞ்சினின் தலைப்பகுதியில் நான்கு உருளைகளுக்கும் இரண்டே உள்வழிகள்; இரண்டிரண்டாகப் பங்கிட்டு மூச்சு வாங்குகின்றன. குறுகிய வாசலுக்கு முன்னே பெரிய முற்றம் அமைத்து ஆவதென்ன? தலைப்பகுதியின் வழிகளைச் செம்மைப்படுத்துவதே முதற் பயன் தருவது. அதைக் கழற்றும்போதே வால்வு இருக்கைகளைக் கடின உலோகத்தில் அமைத்துவிடுதல் நன்று. முன்பு பெற்றோலிற் கலந்த ஈயம் அவ்விருக்கைகளைக் காத்தது. பிரித்தானியாவில் 2000ஆம் ஆண்டுடனும், இலங்கையில் 2002உடனும் ஈயப் பெற்றோலின் பொது விற்பனை நின்றுவிட்டது. மேலும், 2021 செப்ரெம்பர் முதல் அங்கே சாதாரண பெற்றோலில் நூற்றுக்குப் பத்து வரை எதனோல் கலக்கப்படுவதால், பழைய எரிபொருட் குழாய்களையும் அதைத் தாங்கவல்லவையாக மாற்ற வேண்டும்.

இன்னுமொன்று. கழற்றிய பழைய பாகங்களை எறிந்துவிடலாகாது. துடைத்து எண்ணெய் பூசிப் பெட்டியிலிட்டு வைத்தால், பின்னொரு நாள் வண்டியை அதன் பிறவிக் கோலத்துக்கே மீட்கலாம். செய்த மாற்றங்களைக் காப்புறுதியாளருக்கு மறைக்காமல் அறிவிப்பதும் கடமையாகும்.

எம். ஜி. நிறுவனத்தார் தம் கார்களுக்கு வைத்திருந்த விருதுவாக்கு, 'பாதுகாப்போடு விரைவு' என்று பொருள்படுவது. அதில் எந்தச் சொல் முன்னே நிற்கிறது என்பதை வாசகர்கள் கவனிப்பார்களாக.

நாம் ஊர் திரும்பிச் சில மாதங்களின் பின் அன்பரிடமிருந்து மற்றொரு கடிதம் வந்தது. 2000 பவுணில் பெரும்பகுதி பிறேக்குக்கும் ரயருக்கும் துருவுக்குமே போயிற்றாம். வெபர் காபரேற்றர் இன்னும் வாங்கவில்லையாம். அதே குன்றில் மீண்டும் ஏறி, கியரைக் குறைத்து மெல்ல இறங்கி வந்தாராம். "கீழே வந்து திரும்பிப் பார்த்தேன், சேர். மகன் பின்னால் நித்திரையாகிவிட்டான்" என்று எழுதியிருந்தார்.