மரவளையம் மீண்டும் மெருகேறும் விதம்

தொடக்ககாலக் கார்களில் திசைமாற்றிச் சக்கரம் இருக்கவில்லை. படகின் சுக்கானைத் திருப்பும் கோலைப் போன்றதொரு கைப்பிடியை ஓட்டுநர் இடமும் வலமுமாகத் தள்ளினார். வேகம் கூடியதும் அக்கோல் கைக்கு அடங்கவில்லை. சாலையின் ஒவ்வொரு குழியும் அதை உதறியது. 1894-ஆம் ஆண்டு பாரிசிலிருந்து ருவான் நகருக்கு நடந்த போட்டியில் ஆல்ஃபிரட் வாஷரோன் என்பவர் தம் பான்ஹார்ட் காரில் வட்டச் சக்கரத்தைப் பொருத்தி ஓட்டினார். பிறகு மற்றவர்களும் அவ்வழியைப் பின்பற்றினர். பேச்சுவழக்கில் இன்று ‘ஸ்டியரிங்’ எனப்படுவது அதுவே.

கார்களின் உடற்பகுதியை அக்காலத்தில் செய்தவர்கள் பெரும்பாலும் குதிரை வண்டி செய்துவந்த தச்சர்கள். சென்னையில் 1840-இல் தொடங்கப்பட்ட சிம்ப்சன் நிறுவனமும் வண்டிப் பட்டறையாக இருந்ததே; 1903-இல் நீராவியால் ஓடும் கார் ஒன்று அங்கு உருவாக்கப்பட்டது. அத்தகைய கைகளுக்குப் பழகிய பொருள் மரம். திசைமாற்றியின் வளையமும் மரத்தில் அமைந்ததில் வியப்பில்லை. மரம் வெயிலில் இரும்பைப்போல் கையைச் சுடாது, குளிரிலும் விறைக்காது. 1950-களில் இத்தாலியரான என்ரிக்கோ நார்தி செய்த மரவளையங்கள் பந்தயக் கார்களிலும் விலையுயர்ந்த கார்களிலும் இடம்பெற்றுப் புகழடைந்தன. கோடை விடுமுறையில் கோயம்புத்தூர் செல்லும் மாணவர், அங்குள்ள ஜி.டி. கார் அருங்காட்சியகத்தில் பழைய கார்கள் பலவற்றை அருகில் நின்று காணலாம்.

ஒரே பலகையிலிருந்து வட்டமாக அறுத்தெடுத்த வளையம் எளிதில் முறியும். மரத்தின் இழை நேராக ஓடுவது; வட்டமோ வளைந்து செல்வது. இழை குறுக்கே வெட்டுப்படும் இடங்களில் வலிமை குறைகிறது. எனவே வளைந்த துண்டுகள் பலவற்றை, ஒன்றின் இணைப்பு மற்றொன்றின் நடுவில் விழுமாறு அடுக்கி ஒட்டுவர். அல்லது மெல்லிய பட்டைகளை வளைத்து ஒன்றின்மேல் ஒன்றாகப் பசையிட்டு இறுக்குவர். நடுவே உலோகச் சட்டமும் ஆரக்கால்களும் அமையும்.

இவ்வளவு கவனமாகச் செய்த வளையத்தையும் காலம் விடுவதில்லை. வெயிலின் புற ஊதாக் கதிர் மேற்பூச்சைச் சிதைத்து மரத்தை வெளிறச் செய்கிறது. உள்ளங்கை வியர்வை கறையாகப் படிகிறது. வைட்ஃபீல்டில் நிறுத்தப்பட்டிருக்கும் காருக்கு மற்றொரு தொல்லையும் உண்டு. மார்ச் மாதத்தில் காற்று வறண்டிருக்கும். ஆகஸ்டில் ஈரம் மிகுந்திருக்கும். ஈரத்தை உறிஞ்சும் மரம் இழைக்குக் குறுக்காக விரியும், உலர்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது. இழுபறி ஆண்டுதோறும் நிகழ, பழைய பசை விட்டு இணைப்பு வாய் பிளக்கிறது.

புதிய வளையம் ஒன்றை வாங்கிப் பொருத்தலாமே எனலாம். ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வாகனங்களுக்கு 2021-இல் வகுக்கப்பட்ட மத்திய அரசின் விதி, அவை மூல வடிவிலேயே பேணப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. அத்தகைய கார்களின் பதிவெண்ணில் ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் இடம்பெறும். பழமையைப் போற்றுவோர் பழைய வளையத்தையே காக்க விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலில் மின்கலத்தின் இணைப்பு நீக்கப்படும். பின்னர் ஒலிப்பானின் கம்பி கழற்றப்படும். நடுவிலுள்ள நட்டைத் தளர்த்துமுன், தண்டிலும் சக்கரத்திலும் ஒரே நேர்கோட்டில் குறியிட வேண்டும். இக்குறி தவறினால், கார் நேராகச் செல்லும்போது சக்கரம் கோணலாக நிற்கும்.

கழற்றிய வளையத்தை இரு கைகளாலும் பிடித்து மெல்ல முறுக்கிப் பார்ப்பர். மேற்பூச்சில் மட்டும் வெடிப்பு இருந்தால் அது அழகைப் பற்றிய குறை. இணைப்பு அசைந்தாலோ, மரம் சட்டத்தைவிட்டு நகர்ந்தாலோ அது உயிரைப் பற்றியது. அத்தகைய வளையத்தின்மேல் மெருகு பூசுவது ஆபத்தை மறைப்பதாகும். பழைய பசையைச் சுரண்டியெடுத்து, எப்பாக்சி பசை நிரப்பி, ஒரு நாள் முழுதும் இறுக்கிக் கட்டிவைக்க வேண்டும். உலோகச் சட்டத்திலேயே விரிசல் கண்டால் அச்சக்கரம் காட்சிப்பொருளாகவே இருக்கலாம்.

அடுத்தது தேய்ப்பு, பொறுமையைச் சோதிக்கும் வேலை. தமிழ்நாட்டுத் தச்சர் ‘உப்புத்தாள்’ என்று சொல்லும் தேய்ப்புத்தாளில் உப்பு எதுவும் இல்லை. கரடான துகள்களே ஒட்டப்பட்டிருக்கும். 120 எண் தாளில் தொடங்கி 240, 400 என மென்மையான தாள்களுக்குச் செல்வர். எப்போதும் இழையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே விழுந்த கீறல் உலர்ந்த நிலையில் கண்ணுக்குப் படாது. சாயமோ எண்ணெயோ பட்டவுடன் கருங்கோடாகத் தோன்றும். வளையத்தின் பின்புறம் விரல்கள் பதியும் மேடுபள்ளங்களைத் தட்டையாக்கிவிடாமல், தாளை விரலில் சுற்றித் தேய்ப்பது வழக்கம். பழைய பூச்சின் தூசி நுரையீரலுக்குத் தீங்கு செய்யும் என்பதால் முகக்கவசம் இன்றியமையாதது.

எதைப் பூசுவது? பெங்களூருவிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னபட்டணத்தில், கடைசலில் சுழலும் மரப்பொம்மைக்கு அரக்குக் குச்சியை அழுத்தியே வண்ணமும் பளபளப்பும் ஏற்றுகின்றனர். அரக்கு, ஒருவகைச் சிறு பூச்சி மரக்கிளைகளில் சுரக்கும் பிசின். பொம்மைக்கும் பேழைக்கும் அதற்கு ஈடில்லை. ஆனால் வெப்பத்தில் அது இளகும், நீரில் வெளிறும், ஆல்கஹாலில் கரையும். கைகளைத் தூய்மைசெய்யும் திரவத்தைத் தடவிய கையோடு அரக்குப் பூசிய வளையத்தைப் பிடித்தால் விரல் அச்சு அதில் பதிந்துவிடும்! ஆகவே படகுகளின் மரத்துக்குப் பூசப்படும், வெயிலைத் தாங்கும் வார்னிஷையே பலரும் தேர்ந்தெடுக்கின்றனர்.

அதனை மெல்லிய படலமாக ஆறேழு முறை பூசுவர். ஒவ்வொரு பூச்சும் நன்கு உலர்ந்தபின், மென்தாளால் இலேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்து, அடுத்ததைப் பூசுவர். தடிப்பாக ஒரே முறையில் பூசினால் மேற்புறம் உலர்ந்து உட்புறம் ஈரமாகவே நிற்கும். பிறகு சுருக்கம் விழும். மழைநாளில் பூசினால் சிலவகை வார்னிஷ் பால்போல் மங்கும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் எறிதல் கூடாது. எண்ணெய் காற்றோடு கலந்து உலரும்போது வெப்பம் பிறக்கிறது. சுருட்டிய துணியில் அது வெளியேற வழியின்றித் தானே தீப்பற்றக்கூடும். அதனை விரித்து வெளியே உலர்த்த வேண்டும்.

இறுதிப் பூச்சுக்குப் பின்னும் ஓரிரு வாரங்கள் வளையத்தைத் தொங்கவிட்டுக் காத்திருப்பர். பின்னர் முன்பு இட்ட குறிகளைப் பொருத்தி, நட்டை உரிய அளவு இறுக்கி, ஒலிப்பானை ஒருமுறை அழுத்திப் பார்த்து, ஆளில்லாத சாலையில் மெதுவாக ஓட்டிச் சோதிப்பர்.